கேட்பதும் செவிமடுப்பதும்

நான் தரம் 10இல் கற்ற காலத்தில் நடந்த சம்பவம் ஒன்று இன்றும் என் நினைவில் உள்ளது. அன்று ஆங்கிலப் பாடவேளை. பாடசாலைக்கு அருகிலிருந்த தேநீர்க் கடையின் வானொலியில் கிரிக்கட் நேர்முக வர்ணனை ஒலித்துக்கொண்டிருந்தது. யன்னலோரம் அமர்ந்திருந்த எனது மனம் முழுவதும் அங்கேயே இருந்தது. ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பங்குபற்ற விரும்புவோர் இடைவேளைக்கு முன்னர் பெயர் தரவேண்டும் என ஆசிரியர் இருமுறை அறிவித்தார். அப்போட்டிக்காகவே இரண்டு வாரங்களாகப் பேச்சொன்றை மனனம் செய்திருந்தும் நான் பெயர் கொடுக்கவில்லை.

இடைவேளை முடிந்த பின்னரே விடயம் விளங்கியது. ஆசிரியரிடம் ஓடிச் சென்று, "சேர், ஐ லிசன்ட் யூ, பட்..." என்று தொடங்கினேன். அவர் கோபிக்கவில்லை. "நோ, யூ ஹேர்ட் மீ. யூ லிசன்ட் டு த ரேடியோ" என்று திருத்தினார். பெயர்ப்பட்டியல் அதற்குள் அதிபரிடம் சென்றுவிட்டது. போட்டியன்று நான் சபையில் அமர்ந்து மற்றவர்களின் பேச்சுகளைக் கேட்டேன்.

தமிழில் இவ்விரண்டுக்கும் 'கேள்' என்னும் ஒரே வினையைப் பயன்படுத்துகிறோம். தடுமாற்றத்திற்கு அதுவே காரணம். 'ஹியர்' என்பது ஒலி தானாகக் காதில் விழுவது. இடியோசையும் வாகன இரைச்சலும் நாம் விரும்பாமலே காதில் விழுகின்றன. 'லிசன்' என்பது மனமொன்றிச் செவிமடுப்பது. எதனைச் செவிமடுக்கிறோம் என்று குறிப்பிடும்போது 'லிசன்' என்பதை அடுத்து 'டு' வரவேண்டும். 'ஹியர்' என்பதற்கு அது தேவையில்லை. நான் விட்ட பிழைகளில் ஒன்று அதுவே.

ஓர் ஒலி இப்போது காதில் விழுகிறது என்பதை 'ஐ ஆம் ஹியரிங்' என எழுதாது, 'ஐ கேன் ஹியர்' என எழுதுங்கள். 'ஐ ஆம் லிசனிங்' என்பது சரியானதே. கடிதத்தின் முடிவில் பதிலை எதிர்பார்ப்பதாகக் கூறுகையில் 'ஹியரிங் ஃப்ரொம் யூ' என்றே எழுதவேண்டும். அங்கு 'ஹியர் ஃப்ரொம்' என்பது ஒருவரிடமிருந்து செய்தி கிடைப்பதைக் குறிக்கும்.

மாணவர்களே, பரீட்சை மண்டபத்தில் அறிவுறுத்தல்கள் வாசிக்கப்படும்போது அவை உங்கள் காதில் விழுந்தால் மட்டும் போதாது. செவிமடுங்கள். தவறவிட்ட பின் ஓடிச் சென்று பயனில்லை என்பதை நான் அனுபவத்தில் கற்றவன்.