வன்னொலியின் பொருள்

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் செவிக்கு வன்மையான ஓசை புதிதன்று. உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக்கும் உருளைகளின் கரகரப்பும், இழவு வீட்டில் தீயிற் காய்ச்சி அடித்த தப்பின் அதிர்வும் அச்செவி அறிந்தவையே. ஆயினும், அத்தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் சுவீடன் நாட்டு ‘டெத் மெட்டல்’ இசையைக் கேட்டால், “இது இசையா, இரைச்சலா?” என முகஞ்சுளிப்போர் பலர்.

அவ்வன்னொலிக்கும் வரலாறு உண்டு. பிர்மிங்காம் நகரத் தகட்டு ஆலையில், 17ஆம் வயதில், டோனி அயோமி இரு விரல் நுனிகளை இழந்தார். நெகிழி உறைகளை விரலில் மாட்டிக் கித்தார் மீட்டினார்; பின்னர்க் கம்பிகளைத் தளர்த்தவே ஒலி கனத்து இருண்டது. அம்மரபில் வந்த சுவீடனின் எண்டூம்ட் குழு, 1990இல் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ இசைத்தட்டை வெளியிட்டது. கித்தாரின் ஒலியைச் சிதைக்கும் சிறு மிதிபெட்டியின் திருகுகளை முழுமையாகத் திருப்பி, ரம்பம் மரத்தை அறுப்பது போன்ற ஓசையை அக்குழுவினர் எழுப்பினர். 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா குழுவோ, இத்தகைய வன்னொலியில் வேதாந்தக் கருத்துகளை ஏற்றிப் பாடியது.

தப்பையும் இழிந்த ஒலியென ஒதுக்கியோர் உண்டு. ஆனால் தொல்காப்பியமோ பறையை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாயின, உருளைகள் ஓய்ந்தன. இனிமை ஒன்றே இசையெனக் கற்பிக்கும் வகுப்பறையில், அந்த உழைப்பின் ஓசையும் துயரின் ஓசையும் இடமின்றி மறையும். தோட்ட நிலத்தின் பறை எது என்று மாணவர் கேட்டால், ஆசிரியரிடம் விடை இருத்தல் வேண்டும்.