ஒரு போல்ற்றின் குளிர்காலம்

ஜனவரி 11, 2025

கார் இயந்திரத்தின் உருளைகளுக்குள் பிஸ்ரன்கள் மேலும் கீழுமாக அசைவதைச் சுழற்சியாக மாற்றித் தருவது கிராங்க் தண்டு. அத்தண்டின் முன்முனையில் பெரும்பாலும் ஒரேயொரு பெரிய போல்ற்றால் இறுக்கப்பட்டு, ரப்பர் பெல்ற் ஒன்றின் வழியே மின்னாக்கியையும் குளிரூட்டியின் அமுக்கியையும் பல கார்களில் நீர்ப்பம்பியையும் சுழற்றும் சக்கரம் கிராங்க் கப்பி, கராஜ் வழக்கில் 'புல்லி'. அந்த ஒரு போல்ற் தளர்ந்தால் இயந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை என்பதே இப்பழுதின் வஞ்சகம்: பெல்ற் கீச்சிடும், பற்றரி விளக்கு மின்னி மறையும், கார் நின்ற நிலையில் இயங்கும்போது உள்ளேயிருந்து 'டொக் டொக்' என்று இரும்பு தட்டும் ஒலி வரும், ஆனால் கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரொறன்ரோ நகரின் ஷேர்போர்ன், பார்லிமென்ற் வீதிகளுக்கு நடுவே 1960களில் எழுந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களுள் ஒன்றின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் நான்கு உருளைக் கார் ஒன்றில் இவ்வறிகுறிகள் மூன்றும் இவ்வாரம் சேர்ந்தே தோன்றின. அதன் உரிமையாளர் ஸ்காபரோவில் உள்ள முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணிபுரியும் பராமரிப்பு உதவியாளர். கார் இல்லாவிட்டால் பணிக்குப் போகவும் வரவும் இயலாத நாள்கள் அவருக்கு உண்டு என்பதால், நடப்பவற்றைத் தேதியிட்டு எழுதி வைக்கும் தேவை ஏற்பட்டது.

ஜனவரி 14

பொங்கல். மின்னாக்கி மாற்றப்பட்டது, சத்தம் மாறவில்லை.

ஜனவரி 22

வெளியே, சரிவுப் பாதையின் தலைப்பில், இயந்திரத்தை ஓடவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது கப்பி தள்ளாடிச் சுழல்வது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதன் நடுவைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தது. இந்தத் தூள் சாதாரணத் துரு அன்று: இறுக்கமாக இருக்க வேண்டிய இரு உலோக முகங்கள் நுண்ணளவில் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருக்கும்போது உதிரும் பொடி காற்றுப்பட்டுச் சிவப்பதால் உண்டாவது.

தள்ளாடும் கப்பிக்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். பெரும்பாலான கப்பிகள் உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டப்பட்ட ரப்பர் என்று மூன்று பகுதிகளால் ஆனவை. கிராங்க் தண்டு முறுக்கித் தளரும் அதிர்வை இந்த ரப்பர் விழுங்குகிறது. அவ்வகை அதிர்வைத் தணிக்கும் கருவியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாக்கியவர்களுள் பிரித்தானியப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் முதன்மையானவர். ரப்பர் முதுமையடைந்தோ முன்புற அடைப்பு வளையத்தில் கசியும் எண்ணெயில் ஊறியோ பிரிந்துவிட்டால் வெளிவளையம் மட்டும் ஆடும். அதற்குக் கப்பியை மாற்றினால் போதும். நடுப்பகுதியே தண்டின் மேல் ஆடுகிறதெனில் கதை வேறு. செந்தூள் இரண்டாவதையே சுட்டியது.

கடந்த செப்ரெம்பரில் இக்காருக்கு, வால்வுகளைக் கிராங்க் தண்டோடு ஒத்து இயக்கும் ரைமிங் பெல்ற் மாற்றப்பட்டிருந்தது. அப்பணிக்காகக் கிராங்க் போல்ற்றைக் கழற்றாமல் முடியாது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாகனத் திருத்தத்தின் உதிரிப்பாகத்துக்கும் உழைப்புக்கும் குறைந்தபட்ச உத்தரவாதம் 90 நாள்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முந்தியதோ அது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. அன்று போல்ற்றை இறுக்கியவர் யார், எதைக் கொண்டு இறுக்கினார் என்பதற்குப் பற்றுச்சீட்டில் ஒரு வரியும் இல்லை. உரிமையாளரின் கோபம் அந்தப் பற்றுச்சீட்டைச் சுற்றியே இரவு முழுதும் நின்றது.

ஜனவரி 26

ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்கத் தொடருந்து காலை எட்டு மணியளவிலேயே தொடங்குவதால், சனி இரவுப் பணி ஏழு மணிக்கு முடிந்த பின்னர் இரவுப் பேருந்திலேயே திரும்ப வேண்டியிருந்தது.

பெப்ரவரி 2

அதே மாடிக் கட்டடத்தில் வசிக்கும் முதியவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பல காலம் கராஜ் நடத்தியவர், தரிப்பிடத்தில் காரைப் பார்வையிட்டார். வாடகை ஒப்பந்தம் தரிப்பிடத்தில் திருத்த வேலைக்கு இடந்தராது என்பதால் கருவி எதையும் அவர் தொடவில்லை. கைவிளக்கால் பார்த்ததோடு சரி. இந்தப் போல்ற் அவருக்குப் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலுக்கு வழியின்றி யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோல் தெளித்து இயந்திரத்தைக் கிளப்பிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாக இருந்தது. பற்றரியை நம்ப முடியாத அந்நாள்களில் முன்புறக் கைப்பிடியைச் சுழற்றியே காரைக் கிளப்பினர். மொறிஸ் மைனரில் அந்தக் கைப்பிடி சென்று கொளுவும் பல் வேறெதுவுமன்று, கிராங்க் கப்பியை இறுக்கும் போல்ற்றின் தலையே; ஆகவே போல்ற் தளர்ந்தால் முதலில் அறிவது கிளப்புபவரின் கை. போல்ற்றின் கீழிருந்த தகட்டு வளையத்தின் விளிம்பை அதன் தலைமீது மடித்து, அது தானாகக் கழலாதபடி பூட்டுவதும் அக்கால முறை.

தண்டிலும் கப்பியிலும் எதிரெதிரே வெட்டப்பட்ட பள்ளத்தில் பொருந்தும் அரைநிலா வடிவ இரும்புத் துண்டைக் 'கீ' என்பர். கப்பி சுழலாமல் பிடித்திருப்பது இந்தக் கீதான் என்றே உரிமையாளர் எண்ணியிருந்தார். புதிய கீயை வைத்தால் தீர்ந்துவிடாதா என்றும் கேட்டார். முதியவரின் விடை சுருக்கமானது: "கீ பிடிக்கிறேல்லப் பிள்ளை, போல்ற்தான் பிடிக்கிறது. கீ இடத்தைக் காட்டும், அவ்வளவுதான்."

இக்கூற்று பொறியியலோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. இறுக்கப்படும் போல்ற் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது மீளச் சுருங்க முயலும் விசையே கப்பியைத் தண்டோடு நெரித்துப் பிடிக்கிறது. 14 மில்லிமீற்றர் தடிப்புள்ள போல்ற்றை 200 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தில் இறுக்கினால் அந்நெரிப்பு ஏறக்குறைய ஏழு தொன் அளவினது. நான்கு உருளை இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை தண்டை உதைப்பதால், நிமிடத்துக்கு 750 சுற்றில் நின்றோடும்போதே விநாடிக்கு 25 உதைகள் விழுகின்றன. நெரிப்பு இருக்கும்வரை அவை உராய்வினால் தாங்கப்படுகின்றன, நெரிப்புக் குறைந்தால் அத்தனையும் சிறிய கீயின்மேல் விழுந்து அதைச் சிதைத்துப் பள்ளத்தையும் அகலமாக்குகின்றன. கீயே இல்லாமல் உராய்வை மட்டும் நம்பிக் கப்பியைப் பிடிக்கும் இயந்திரங்களும் இன்று உள்ளன.

முதியவருக்கு அடுத்த கிழமை வீடு மாறும் வேலை இருந்தது. மகனிடம் மார்க்கம் போகிறார். பேச்சு அதோடு முடிந்தது.

பெப்ரவரி 8

உரிமம் பெற்ற கராஜ் ஒன்று எழுத்திலேயே மதிப்பீடு தந்தது. தண்டின் பள்ளம் சிறிதளவு அகன்றிருக்கிறது, முனை வளையவில்லை. முழுத் தீர்வு கிராங்க் தண்டையே மாற்றுவது. அதற்கு இயந்திரத்தை இறக்கிப் பிரிக்க வேண்டும், செலவு காரின் பெறுமதியைத் தாண்டும். மற்றது, உலோக இடைவெளியை நிரப்பி இறுகும் பசையோடு புதிய கப்பி, புதிய கீ, புதிய போல்ற் பொருத்துவது.

இரண்டாவது வழிக்கு முன்னோடி உண்டு. மாஸ்டா மியாட்டா காரின் 1990, 1991 மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த தொடக்ககால 1.6 லீற்றர் இயந்திரங்களில் தண்டின் முனை குறுகியதாகவும் போல்ற் சிறியதாகவும் இருந்தமையால், ரைமிங் பெல்ற் மாற்றியபின் சரியாக இறுக்கப்படாதவற்றில் இதே பழுது பரவலாகக் காணப்பட்டது. பின்னர் உற்பத்தியாளர் முனையை நீட்டிப் போல்ற்றையும் பெரிதாக்கினார். பழைய கார்களைக் கைவிட மனமில்லாதவர்கள் லொக்டைற் 660 என்னும் பசையால் தேய்ந்த பள்ளத்தை நிரப்பி அவற்றைத் தொடர்ந்து ஓட்டினர். அப்பசை ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் வரையான இடைவெளியை நிரப்பும். இது தேய்ந்ததைப் புதிதாக்குவதன்று, தேய்மானத்தை நிறுத்தி வைப்பது.

உரிமையாளர் அன்றிரவு முதியோர் இல்லத்துக்குப் பாடிக்கொண்டே போனார் என்று உடன் பணிபுரிபவர் சொன்னார்.

பெப்ரவரி 17

இரு பெரும் பனிப்பொழிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. கராஜுக்குக் காரை இழுத்துச் செல்லும் வண்டி வரவில்லை.

பெப்ரவரி 22

வேலை நடந்தது. வலப்புற முன் சில்லும் உட்புற மறைப்பும் கழற்றப்பட்டன, பெல்ற் நீக்கப்பட்டது, போல்ற்றும் கப்பியும் வெளிவந்தன. பழைய கீயின் ஒரு விளிம்பு படிக்கட்டாகத் தேய்ந்திருந்தது. தண்டின் முகம், கப்பியின் முகம், போல்ற்றின் புரி ஆகியவை எண்ணெயும் துருவும் நீங்கத் துடைக்கப்பட்டன. முனை நேராகச் சுழல்கிறதா என்பது முள் அளவுமானியால் பார்க்கப்பட்டது. கசிந்த அடைப்பு வளையமும் மாற்றப்பட்டது. பசையிட்டுப் பொருத்திய பின், முறுக்கத்தை அளந்து காட்டும் முறுக்குச் சாவியால் போல்ற் இறுக்கப்பட்டது. பசை முழுதாக இறுக ஒரு நாள் கார் கராஜிலேயே நின்றது.

காற்றுத் துப்பாக்கி எனப்படும் அதிர்வுச் சாவி கழற்றுவதற்கு ஏற்றது, அளந்து இறுக்குவதற்கு உரியதன்று. போல்ற்றில் கொடுக்கப்படும் முறுக்கத்தில் ஏறத்தாழப் பத்திலொன்றே நெரிப்பாகிறது, எஞ்சியதைத் தலைக்கடியிலும் புரியிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. எனவே புரியில் அழுக்கு இருந்தாலோ, உலர்வாக இறுக்க வேண்டியதற்கு எண்ணெய் பூசினாலோ, காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கும் இறுக்கம் உள்ளே வெவ்வேறாக முடியும். ஒருமுறை நீட்டி இறுக்கிய சில வகைப் போல்ற்றுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாதென்று உற்பத்தியாளர் விதிப்பது, அவை நிரந்தரமாக நீண்டுவிடுவதாலேயே.

மார்ச் 1

சத்தமில்லை.

மார்ச் 3

சத்தமின்மையையே கேட்டுக்கொண்டு ஓட்டுவது பெரும் களைப்பு.

மார்ச் 29

போல்ற்றின் தலையிலிருந்து கப்பிவரை வெள்ளை வர்ணத்தால் இழுத்த கோடு இன்னும் நேராகவே இருக்கிறது. அது முறிந்தால் ஒன்று மற்றொன்றின்மேல் நழுவியது என்று பொருள். தண்டு எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று கராஜ் எழுதித் தரவில்லை, உரிமையாளரும் வற்புறுத்தவில்லை.

ரைமிங் பெல்ற்றோ முன்புற அடைப்பு வளையமோ மாற்றப்படும் பெரும்பாலான கார்களில் இந்தப் போல்ற் கழற்றப்பட்டு மீண்டும் இறுக்கப்படுகிறது. ஆகவே பழைய காரை வைத்திருப்போர் அவ்வேலைக்கு விடும்போதே மூன்றைக் கேட்டுப் பெறுதல் நன்று: புதிய போல்ற், முறுக்குச் சாவியால் இறுக்கிய அளவு பற்றுச்சீட்டில் எழுதப்படல், கழற்றிய பழைய பாகங்கள். எழுத்திலான மதிப்பீட்டைப் பெறவும், இறுதித் தொகை அதைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டாதிருக்கவும், பழைய பாகங்களைத் திரும்பக் கேட்கவும் ஒன்ராறியோச் சட்டம் உரிமை தருகிறது. முறுக்க அளவை எழுதச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. அதைக் காரின் உரிமையாளரே கேட்க வேண்டும்.