நின்று தின்னும் இடம்

பப்பாளி அமெரிக்கக் கண்டத்துப் பழம் என்பதை நாம் மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கப்பலேறி வந்து, கொல்லைப்புறத்துச் சாக்கடையோரம் தானாக முளைத்து, தன் பெயரையும் கூடவே சில அச்சங்களையும் தந்துவிட்டு நம்முடையதாகிவிட்ட மரம் அது. ஈழத்தில் பப்பாசி என்பார்கள். கருவுற்ற பெண் அதைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்பாள் என் அப்பத்தா. இப்போது டெங்கு வந்தால் அதன் இலையைத் தேடி ஓடுகிறார்கள். நியூயார்க்கிலோ 'பப்பாயா' என்றால் நள்ளிரவில் நின்றுகொண்டு தின்கிற மாட்டிறைச்சிச் சாசேஜ் என்று பொருள். சொற்பொருள் மாற்றத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் பாடம் நடத்தி வருகிறேன். இப்படியோர் எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தப் பொருள் மாற்றத்துக்குப் பின்னே ஒரு கிரேக்கர் இருக்கிறார். கஸ் பூலோஸ் என்கிற அவர் 1932இல், மன்ஹாட்டனில் எண்பத்தாறாம் தெருவும் மூன்றாம் அவென்யூவும் சந்திக்கும் முனையில், வெப்பநாட்டுப் பழச்சாறு விற்கும் கடையொன்றைத் தொடங்கினார். அந்தப் பகுதிக்கு யார்க்வில் என்று பெயர். அக்காலத்தில் ஜெர்மானியக் குடும்பங்கள் நிறைந்து வாழ்ந்த இடம். ஆகவே பழச்சாற்றோடு அவர்களுக்குப் பழகிய ஃபிராங்க்ஃபர்ட்டரும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. 'பப்பாயா கிங்' என்று பெயர்பெற்ற அக்கடையில் பங்காளியாக இருந்து பிரிந்துவந்த நிக்கலஸ் கிரே என்பவர் 1973இல் பிராட்வேயும் எழுபத்திரண்டாம் தெருவும் கூடும் முனையில் தொடங்கியதுதான் 'கிரேஸ் பப்பாயா'. அவர் 2023இல் மறைந்தார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, இரண்டு ஹாட் டாக்கும் ஒரு பழச்சாறும் சேர்த்து ஒரே மலிவு விலைக்குக் கொடுத்து, அதற்கு 'ரிசெஷன் ஸ்பெஷல்' என்று பெயரும் வைத்தார்கள். அந்த மந்தநிலை போயிற்று. வேறொன்று வந்தது, அதுவும் போயிற்று. பெயர் மட்டும் பலகையை விட்டு இறங்கவில்லை. விலைதான் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இல்லாமையைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கூரையடியில் தொங்கவிட்ட அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது. நம்மூரில் மலிவுச் சாப்பாடு என்றால் அதில் யாரோ ஒருவருடைய கருணை ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணாந்து படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும்.

நான் அங்கே போனது 2018ஆம் ஆண்டு மே மாதம், கோடை விடுமுறையில். என் தங்கை அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறாள். சென்னையில் படித்து, வளைகுடாவில் ஆறாண்டு வேலை பார்த்து, தேர்வெழுதி அங்கே போனவள். கணவனைப் பிரிந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேனே தவிர, அம்மாவின் தூதாகத்தான் போனேன். "கையோட கூட்டிட்டு வந்துரு. தனியாக் கெடந்து அங்க என்னத்தைச் சாதிக்கப் போறா?" என்பதுதான் அம்மா கொடுத்தனுப்பிய சேதி. பருப்புப் பொடி, அப்பளம், இரண்டு பருத்திப் புடவை இவற்றோடு அதையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். மற்றவற்றையெல்லாம் முதல் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை எடுக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

அவளுக்கு மாலை முறை. இரவு பதினொன்றரைக்குத்தான் முடியும். அவள் வீடு நகரத்தின் வடகோடியில், ஒன்றாம் எண் ரயில் போகும் வழியில் இருந்தது. நேர மாற்றத்தால் உறக்கம் கெட்டு நான் கொட்டக் கொட்ட விழித்திருப்பதைக் கண்டு, "சும்மா முழிச்சிக்கிட்டு இருக்குறதுக்கு எழுவத்திரெண்டாம் தெருவுக்கு வந்துரு அக்கா, சாப்பிட்டுட்டு சேர்ந்து வீட்டுக்குப் போவோம்" என்றாள். இரவு பதினொரு மணிக்கு, அந்நிய நகரத்தில், தரையடி ரயிலில் தனியாக. என்னிடம் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பார்கள்: மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போனால் மாலை எத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்புவீர்கள்? ஆறரை என்று எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். அந்தக் கையெழுத்தின் சொந்தக்காரி பெட்டியின் ஓர் ஓரத்தில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கிழவர் உறங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

எழுபத்திரண்டாம் தெரு நிலையத்தின் பழைய வாயில் 1904இல் கட்டியது. நடுச் சாலையில், இருபுறமும் வண்டிகள் ஓட, சிறு கோயில் மண்டபம் போல நிற்கிறது. அதை ஒட்டி இத்தாலிய இசைமேதை வெர்டியின் சிலை. கிரே கடை திறந்த காலத்தில் அந்தச் சிலையடியும் அக்கம்பக்கமும் போதை ஊசிக்குப் பேர்போன இடமாக இருந்தன. 1971இல் அதைப் பற்றி ஒரு திரைப்படமே வந்தது. இப்போது சுற்றிலும் பணக்கார அடுக்குமாடிகள். சாலையைக் கடந்தால் கடை.

கடை என்று சொன்னால் நீங்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நாற்காலி இல்லை. மேசை இல்லை. பரிசாரகர் இல்லை. சன்னலோரமாக நெஞ்சுயரத்துக்கு ஒரு பலகை. அதில் முழங்கையை ஊன்றித் தின்ன வேண்டியது. அகன்ற இரும்புக் கல்லில் வரிசையாகச் சாசேஜுகள் உருண்டுகொண்டிருக்கின்றன. கல்லில் நெய் உருகும் வாசனைக்கும் இதற்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது என்றாலும், பசித்த வயிறு எந்தக் கல்லையும் அடையாளம் கண்டுகொள்கிறது. நாங்கள் நின்ற வரிசையில் ஒரு காவலர், கோட்டு அணிந்து இசைக்கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிய ஒருவர், இரண்டு மாணவர்கள், சில்லறையை எண்ணிக் கையில் பிடித்திருந்த வீடற்ற மனிதர் ஒருவர். அவர் முறை வந்தபோது அவருக்கும் அதே தாள், அதே கடுகுக் குழம்பு, அதே "அடுத்தது யார்?"

கோனி தீவில் 1916இல் ஐந்து சென்ட்டுக்கு ஹாட் டாக் விற்கத் தொடங்கிய நேதன் ஹேண்ட்வெர்க்கர் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பக்கத்தில் ஃபெல்ட்மன் கடையில் விலை பத்து சென்ட். பாதி விலை என்றதும் இறைச்சி என்னவோ ஏதோ என்று மக்கள் ஐயுற்றார்களாம். அவர் சில ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, மருத்துவர்களே இங்கேதான் உண்கிறார்கள் என்று தோன்றும்படி கடை வாசலில் நிறுத்தித் தின்ன வைத்தாராம். உண்மையோ பொய்யோ, என் தங்கை நீலச் சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட, உள்ளே நுழைந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது. கூலியில்லாத விளம்பரம்.

கல்லருகே நின்றவர் அவளைக் கண்டதும் கேட்காமலேயே இரண்டை எடுத்து ரொட்டியில் வைத்தார். ஒன்றில் புளித்த முட்டைக்கோசு, மற்றதில் தக்காளியில் வதக்கிய வெங்காயம். அவர் மெக்சிகோக்காரர் என்று பிறகு சொன்னாள். பப்பாளியின் தாயகத்திலிருந்து வந்தவர் இரவெல்லாம் நின்று பப்பாயா விற்கிறார். மலிவு என்பது எங்கோ ஒருவர் காலில் ஏறி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதே நகரத்தில்தான் 2012 நவம்பரில் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது பிற நகரங்களுக்கும் பரவியது.

"அக்கா, இது மாட்டுக்கறி. வேணாம்னா ஜூஸ் மட்டும் குடி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

எங்கள் வீட்டில் ஆடும் கோழியும் மீனும் உண்டு, மாடு கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் சொன்னதில்லை. எந்தத் தெருவில் உண்டு என்பதை மட்டும் சொல்லி வளர்த்தார்கள். அகநானூற்றில் ஆவின் ஊனைத் தின்னும் பாலைநிலத்து மறவர் வரும் பாடலை நடத்தும்போது வகுப்பில் சிலர் சிரிப்பார்கள், சிலர் தலை குனிந்து புத்தகத்தைப் பார்ப்பார்கள். சிரிப்பவர் யார், குனிபவர் யார் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். நான் குரலைத் தாழ்த்தாமல் நடத்துவேன். அதில் எனக்கொரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமை எவ்வளவு மலிவானது என்பது, காகிதத்தட்டு கைக்கு வந்ததும் தெரிந்தது. வாங்கிக் கடித்தேன். தோல் பட்டென்று உடைந்தது. உப்பு, பூண்டு, புகை. பிறகு கடுகின் காரம் மூக்கில் ஏறியது. நன்றாக இருந்தது. இரண்டாவதையும் தின்றேன். பப்பாளிச் சாறுதான் ஏமாற்றம். நுரையும் சர்க்கரையும் தாராளமாக இருந்தன, பழத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மதுரைக்காரி நான். தூங்கா நகரம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர்கள் நாங்கள். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் அல்லங்காடியைக் காட்டுகிறார். யாமம் யாமமாக நகரத்தின் இரவை நடந்து பார்க்கிறார். அப்பம் சுட்டு விற்கும் கூவியர் இருந்த இடத்திலேயே உறங்கிப் போவது வரை சொல்கிறார். இன்றும் நள்ளிரவில் இட்லிச் சட்டியில் ஆவி பறக்கிறது, பரோட்டாக் கல்லில் கொத்தும் ஓசை கேட்கிறது. அந்த ஓசையை நாற்பது ஆண்டுகளாக மாடிச் சன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். பார்சலாக வந்ததைத் தின்றிருக்கிறேன். அந்தக் கடை வாசலில், ஆண் துணையில்லாமல், இலையைக் கையில் ஏந்தி ஒரு நாளும் நின்றதில்லை. அடுப்புக்குப் பின்னே இரவெல்லாம் நிற்கும் பெண்கள் எங்களூரில் நிறைய உண்டு. முன்னே நிற்கத்தான் ஆளில்லை.

"இன்னிக்கு ஒரு கிழவி போயிருச்சு," என்றாள் தங்கை வாயைத் துடைத்துக்கொண்டே. "மூணு வாரமா என் வார்டு. போறதுக்கு முன்னாடி என்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டுச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இந்த மாதிரி நாள்ல நேரா வீட்டுக்குப் போக முடியாதுக்கா. ஓட்டல்ல போய் உக்காந்தா, எத்தனை பேருன்னு கேப்பான். ஒண்ணுன்னு சொல்லணும். இங்க யாரும் எண்ணுறதில்ல."

எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒன்று என்று விடை சொல்வது எப்படியிருக்கும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் அவளுடைய எண்ணிக்கை எப்போதும் ஒரு பெருமூச்சோடுதான் வரும். இங்கே ஒரு பக்கம் காவலர், ஒரு பக்கம் அந்த வீடற்ற மனிதர், நடுவில் அவள். வெங்காயம் மணிக்கட்டில் வழிவது தெரியாமல் தின்றுகொண்டிருந்தாள். சிறுமியாக இருந்தபோது நுங்கு தின்னும்போது அப்படித்தான் தின்பாள். அம்மா முந்தானையால் துடைத்துவிடுவாள். நான் காகிதத்தை நீட்டினேன்.

பெட்டியிலிருந்த சேதியை அன்றும் எடுக்கவில்லை. எஞ்சியிருந்த பதினோரு நாளில் எடுக்கவேயில்லை. ரயிலுக்காக நிற்கும்போது அவளே கேட்டாள்: "அம்மா என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லிச்சா?" சொல்லிற்று என்றேன். "நீ என்ன நெனைக்கிற?" என்றாள். எனக்கும் இங்கேயே வேலை கிடைக்குமா என்று யோசிக்கிறேன் என்றேன். நடைமேடை அதிர அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கத்து நடைமேடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீடு சேர்ந்தபோது மணி ஒன்று. ஊரில் காலை பத்தரை. அம்மா தொலைபேசியில் வந்தாள்.

"பேசுனியா? என்ன சொல்றா?"

"பேசுனேன். நல்லா இருக்காம்மா. நல்லாச் சாப்பிடுறா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"நேரங்கெட்ட நேரத்துல வேலை முடியுதுங்கிற. அந்நேரத்துக்கு அவளுக்கு யாரு சோறு போடுறா?"