சக்கரம் நிற்க வேண்டிய இடம்



நான் பெங்களூரில் இருபது ஆண்டுகளாகச் சரக்கு லாரி ஓட்டிப் பிழைப்பவன். 2018 ஆகஸ்டு மாதத்தில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, தொலைக்காட்சியில் எல்லோரும் மீனவர்களின் படகுகளைக் கண்டு வியந்தார்கள். என் கண்களோ அப்படகுகளைச் சுமந்து வந்த லாரிகளின் பின்சக்கரங்களையே நாடின. அவற்றிடம் நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பம்பை, அச்சன்கோவில், பெரியாறு முதலிய ஆறுகள் கரைபுரண்டன. செங்கன்னூர்ப் பகுதியில் மாடிகளில் ஏறி நின்ற ஜனங்கள் உதவிக்குக் கதறினார்கள். கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே படகு எப்படி வரும்? கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழை கரையோர மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றி, இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகள் சென்றன. மீனவர்கள் மாத்திரம் 65,000-க்கும் அதிகமானோரை மீட்டார்கள் என்பது மாநில அரசின் கணக்கு.

அந்த லாரிகள் விசேஷித்த வண்டிகள் அல்ல. நம் சாதாரண சரக்கு லாரியில் எஞ்சினின் பலம் பின்சக்கரங்களுக்கு மாத்திரமே செல்லும். முன்சக்கரங்கள் திசை காட்டுமேயன்றி இழுப்பதில்லை. பாரம் நிறைந்திருந்தால் பின்சக்கரம் தரையை நன்றாய்ப் பற்றும். ஃபைபர் வள்ளமோ நீளம் மிகுந்தது, சரக்கோடு ஒப்பிட்டால் எடை குறைந்தது. ஆகவே சேற்றில் இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும்.

படகை இறக்க வேண்டுமானால் லாரியின் பின்புறம் தண்ணீரை நோக்க வேண்டும். அதாவது, வண்டியை வெளியே கொண்டுவர வேண்டிய அதே சக்கரங்கள்தாம் ஈரத்துக்கு மிக அருகில் நிற்கும்! ஆகையால் விவேகமுள்ள ஓட்டுநர், தார்ச்சாலை முடியுமுன்னே நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுவார். மீதித் தூரம் மனிதருடைய தோள்களுக்கு உரியது. அமெரிக்காவில் சிறு டிரக்குகளால் படகை இழுத்துச் சென்று, சிமெண்டுச் சரிவில் ஏரிக்குள் இறக்குவோருக்கும் இதுவே விதி. பாசி படிந்த ஈரத்தில் பின்சக்கரம் இறங்கிவிட்டால், படகோடு வண்டியும் தண்ணீருக்குள் வழுக்கிப் போகக்கூடும்.

படகுக்கும் எல்லை உண்டு. மூழ்கிய மதில்களும் வாயிற்கம்பங்களும் மின்கம்பிகளும் அதற்குக் கண்ணிகள். ஆழ்கடலை அறிந்த மீனவருக்கு அந்தத் தெரு தெரியாது. ஆகவே உள்ளூர் வாலிபர்கள் படகில் ஏறி வழிகாட்டினார்கள். லாரி நின்ற இடத்தில் தோள் தொடங்கியது. தோள் விட்ட இடத்தில் படகு தொடங்கியது. படகு நுழையாத சந்தில் ஒரு மனிதன் மார்பளவு நீரில் நடந்தான். தன் எல்லையில் நின்று அடுத்தவருக்கு இடங்கொடுத்தபடியினால், ஒவ்வொருவருடைய பெலனும் வீணாகாமல் போயிற்று.

வாசகரே, இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, காருக்குள்ளேயே சிக்கி மாண்டவர்கள் உண்டு. சென்னையில் 2015 டிசம்பரிலும் மீனவர்களின் படகுகள் தெருக்களுக்குள் வந்தன. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் அருகே நான் தண்ணீரின் ஓரத்தில் லாரியை நிறுத்தினேன். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், சிலர் ஏசினார்கள். ஆயினும் நான் வண்டியை நகர்த்தவில்லை. ஓர் அடி ஆழம் சிறிய காரை மிதக்கச் செய்யப் போதுமானது. ஓடுகிற வெள்ளம் இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். மேலும், சாலை நடுவே பழுதாகி நிற்கும் ஒரு வண்டி, பின்னால் படகோடு வரும் லாரிக்கும் தடையாகிவிடும்.

ஆகையால் மழைக்காலம் வருமுன் உங்கள் தெருவில் தண்ணீர் முதலில் எங்கே தேங்கும் என்று அறிந்துவைத்திருங்கள். மதில், சாக்கடை, கிணறு இருக்கும் இடங்களைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வெள்ளம் வந்தால் வண்டியைத் தண்ணீருக்கு இப்பாலே நிறுத்தி, நடுச்சாலையை விட்டு ஒதுங்குங்கள். முன்பின் அறியாத ஒருவர் தம் பிழைப்புக்கான படகையே உங்களுக்காகக் கொண்டுவருவார். அவருக்கு வழி காட்ட உங்கள் வீட்டில் ஒருவராவது ஆயத்தமாயிருக்கட்டும்.