சிவப்பு எழுத்து

என் சட்டைப் பையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் அட்டை இருந்தது. கார் ஓட்டுவதற்கு எனக்குக் கிடைத்த உரிமம் அது. அதைப் பெற்ற நாளை எண்ணினால் இன்று சிரிப்பு வருகிறது. பயிற்சிப் பள்ளிக்காரர் உடன் வந்தார்; ஆய்வாளர் முன்னிலையில் சிறிது தூரம் ஓட்டிக் காட்டினேன்; கையொப்பம் இட்டேன்; முடிந்தது. அதன்பின் பாளையங்கோட்டைத் தெருக்களில் பேருந்துக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே புகுந்து வெளிவரக் கற்றேன். அதுவே வாகனம் ஓட்டும் கலை என்று நம்பினேன்.

2018 மார்ச்சில், செவிலியரான என் மனைவிக்கு வேலை கிடைத்ததால், இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் சிறுநகர் ஒன்றில் குடியேறினோம். இரவுப் பணிக்கு உரிய நேரத்தில் அங்கே பேருந்து இல்லை. பழைய கார் ஒன்றை வாங்கினேன். நம் ஊரைப் போலவே அங்கும் வண்டிகள் இடப்புறமாகவே செல்கின்றன. ஆகவே கற்றுக்கொள்ளப் புதிதாக எதுவும் இல்லை என்று எண்ணிவிட்டேன்.

முதல் பாடம் ஒரு குறுகிய சாலையில் கிடைத்தது. எதிரே வந்த கார் முன்விளக்கை மின்னியது. நம் ஊரில் அதற்கு, 'நான் வருகிறேன், நீ நில்' என்பது பொருள். நான் நின்றேன். அவரும் நின்றுவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி காத்திருந்தோம். இறுதியில் அவர் புன்னகையுடன் கையசைத்து அழைத்தபோதுதான் புரிந்தது, 'நீங்கள் முதலில் வாருங்கள்' என்பதை அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று. ஒரே விளக்கு; இரு நாடுகளில் இரு மொழிகள்!

பிரிட்டனில் புதிதாகக் குடியேறுபவர் தம் நாட்டு உரிமத்தைக்கொண்டு 12 மாதங்கள் கார் ஓட்டலாம். ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் போன்ற சில நாட்டினர் தம் உரிமத்தைக் கொடுத்து அந்நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ள முடியும். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரிலிருந்து வாங்கிச் செல்லும் பன்னாட்டு அனுமதிப் புத்தகமும் இந்தக் கெடுவை நீட்டிக்காது. ஓராண்டு கழிந்தால், எத்தனை அனுபவம் உள்ளவரும் கற்போர் உரிமம் பெற்று, இரு தேர்வுகளில் தேற வேண்டும்.

இவை எனக்குத் தெரியாதவை அல்ல. 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நாளைக் கடத்தினேன். 2019 மார்ச்சில் கெடு முடிந்தது. முடிந்த நான்காம் நாள் இரவு, மழை. "என்னங்க, நேரமாகுது" என்றாள் மனைவி. சாவியை எடுத்தேன். நான் ஓட்டினேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. தெரிந்தவர் ஒருவர், "யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள்" என்று முன்பே தைரியம் சொல்லியிருந்தார். அவர் சொன்னது போலவே யாரும் நிறுத்தவில்லை.

மறுநாள் அண்டை வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணரிடம் பெருமிதத்துடன் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, பொலிசுக்கு மட்டும் பயந்தால் காணாது. காருக்கு முன்னால வாற சனத்தையும் யோசிக்க வேணும்" என்றார். உரிமமின்றி ஓட்டும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். யாரையேனும் இடித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அன்றிரவு முதல் மனைவி வாடகைக் காரில் பணிக்குச் சென்றாள். அவள் ஊதியத்தில் ஒரு பகுதி என் சோம்பலுக்கு அபராதமாயிற்று.

கற்போர் உரிமம் வந்தது. காரின் முன்னும் பின்னும் வெள்ளைச் சதுரத்தில் சிவப்பு நிற 'எல்' எழுத்தை ஒட்டினேன். கற்பவரின் அருகே, 21 வயது நிரம்பி மூன்றாண்டு உரிமம் பெற்ற ஒருவர் அமர வேண்டும். அண்ணர் அமர்ந்தார். கண்ணாடியில் தொங்கிய செபமாலையை முதல் நாளே கழற்றி என் கையில் தந்தார். "பார்வையை மறைக்கக் கூடாது" என்றார். நாற்பத்தாறு வயதில் அந்தச் சிவப்பெழுத்துடன் தெருவில் செல்வது எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

எழுத்துத் தேர்வில் 50 வினாக்கள். 43-க்குச் சரியான விடை வேண்டும். அடுத்து 14 ஒளிப்படக் காட்சிகள். சாலையில் ஆபத்து உருவாகத் தொடங்கும் நொடியிலேயே பொத்தானை அழுத்த வேண்டும். தெருவில் பந்து உருண்டால் அதன் பின்னே ஒரு குழந்தை ஓடிவரும் என்று முன்னரே உணர்வதுதான் அந்தத் தேர்வின் சாரம். எனக்கோ குழந்தை வந்த பின்பு ஒலிப்பானை அழுத்தித்தான் பழக்கம்.

மே மாதம் சாலைத் தேர்வு. அதில் சிறு பிழைகள் பதினைந்து வரை மன்னிக்கப்படும். பெரும்பிழை ஒன்றே போதும், தோல்விதான். அரைமணி நேரம் நன்றாகவே ஓட்டினேன். பின்னர் கோடிட்ட நடைபாதை ஒன்று வந்தது. கைத்தடியுடன் ஒரு மூதாட்டி ஓரடி எடுத்துவைத்திருந்தார். அவர் நின்றுவிடுவார், நான் கடந்துவிடலாம் என்று என் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் சொல்லியது. கார் தானே நின்றது. தம் பக்கத்திலிருந்த தடையைத் தேர்வாளர் மிதித்திருந்தார்.

மூதாட்டி ஒன்றும் அறியாதவராய், நன்றி கூறும் வகையில் எனக்குக் கையுயர்த்தி மெல்லக் கடந்து சென்றார். அந்த நன்றி என்னை வதைத்தது. தேர்வாளர் கடிந்துகொள்ளவில்லை, முடிவை மட்டும் அறிவித்தார். வீடு திரும்பியதும் மனைவியிடம், "நான் தோற்றது சரிதான்" என்றேன்.

ஆகஸ்டில் மூன்று சிறு பிழைகளுடன் தேறினேன். சிவப்பெழுத்தைக் காரிலிருந்து பிய்த்தேன். ஆனால் எறிந்துவிட மனம் வரவில்லை. அது இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்நாட்டின் சாலை விதிநூல் 2022 ஜனவரியில் திருத்தப்பட்டது. மிகுதியாகத் தீங்கு விளைவிக்க வல்லவருக்கே மிகுதியான பொறுப்பு என்று இப்போது அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். படித்தபோது அந்தக் கைத்தடியே கண்முன் வந்தது.

2023-இல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். மாலையில் ஒரு பள்ளியருகே, அழிந்துபோன வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி நின்றாள். காரை நிறுத்தினேன். பின்னால் பேருந்து ஒலிப்பானை அலறவிட்டது. சிறுமி நகரவில்லை. தனக்காக ஒரு கார் நிற்கும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. முன்விளக்கை மின்னலாமா என்று நினைத்தேன்; அவள் அஞ்சிப் பின்வாங்கிவிடுவாள். ஆகவே கையசைத்து அழைத்தேன்.

என்னைப் பார்த்தபடியே ஓட்டமும் நடையுமாக அவள் கடந்து முடிக்கும்வரை, பின்னாலிருந்து கேட்ட அத்தனை வசவும் எனக்கு உரியவையாகவே தோன்றின. பத்தொன்பது ஆண்டுகளில் இப்படி எத்தனை பேரைச் சாலையோரத்தில் நிற்க வைத்துவிட்டு நான் கடந்து போயிருப்பேன்!