வளையல் உடுத்திய சிமெண்டுப் பெண்கள்

சண்டிகர், லெ கார்புஸியே என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலை மேதை அளவுகோல் வைத்துக் கோடு போட்ட ஊர். வீதியெல்லாம் நேர்கோடு. பெரிய கட்டடங்களெல்லாம் பூச்சில்லாத வெறும் கான்கிரீட். பேட்டைகளுக்குக் கூட இலக்கம்தான். கண்ணுக்கு அழகுதான், ஆனால் கொஞ்சம் கறார்!

அங்கே முதலாவது செக்டாரில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், நேர்கோடே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. அதுதான் ராக் கார்டன். வாசல்கள் குள்ளமானவை, கோயில் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைவதுபோலத் தலை குனிந்துதான் போக வேண்டும். ஒரு திருப்பத்தில் அருவி கொட்டுகிறது. அடுத்ததில் பறவைகள், குரங்குகள், வரிசை வரிசையாக மனிதர்கள். எல்லாம் சிமெண்ட். சுவர்மேல் மரத்து வேர் இறங்குகிறதே என்று தொட்டுப் பார்த்தேன், அதுவும் கான்கிரீட்!

நம் சகோதரிகள் நின்று பார்க்க வேண்டியது பெண் உருவங்களை. அவர்கள் உடுத்தியிருப்பது பட்டு அல்ல, உடைந்த கண்ணாடி வளையல். சிமெண்ட் காயுமுன் துண்டு துண்டாகப் பதித்திருக்கிறார்கள். வளையல் உடைந்தால் அபசகுனம் என்பாளே பாட்டி, அவள் இதைப் பார்க்க வேண்டும்! பிடி போன பீங்கான் கோப்பையும் உடைந்த தட்டும் மற்ற உருவங்களுக்குச் சட்டையாகியிருக்கின்றன.

இதைப் படைத்தவர் படித்த சிற்பி அல்ல. பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டராக இருந்த நேக் சந்த். 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட பகுதியில் சொந்த கிராமத்தை இழந்து வந்தவர். புது நகரத்துக்காகப் பல கிராமங்களை இடித்தபோது, அந்த உடைசல்களைச் சைக்கிளில் ஏற்றி, யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று ஒதுக்கிய காட்டில் கொண்டு சேர்த்தார். பகலில் உத்தியோகம். இரவில், பழைய டயர் எரியும் வெளிச்சத்தில் சிருஷ்டி. பல வருஷங்கள் சர்க்காருக்குத் தெரியவே தெரியாது!

எழுபதுகளின் நடுவில் விஷயம் வெளிப்பட்டது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்துவிட்டார்கள். 1976-ல் தோட்டத்தைத் திறந்துவைத்து, அதைக் கவனிப்பதையே அவருக்கு உத்தியோகமாக்கி, 50 ஆட்களையும் கொடுத்தார்கள். சர்க்காருக்கும் சில சமயம் ரசனை வந்துவிடுகிறது. 1984-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

1990-ல் சாலை போட புல்டோசர் வந்தபோது ஊர் மக்கள் கைகோத்துக் குறுக்கே நின்று தடுத்தார்கள். நேக் சந்த் 2015-ல் காலமானார். 2025-ல் மறுபடியும் புல்டோசர் வந்தது. உயர் நீதிமன்றத்துப் பக்கம் சாலையை அகலமாக்க, எவ்வளவோ பேர் ஆட்சேபித்தும், சுவரில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள்.

இடிந்தது வெளிச்சுவர்தான். உள்ளே கடைசிப் பகுதியில் பிரம்மாண்டமான வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஊஞ்சல்கள் தொங்குகின்றன. குழந்தைகளுக்குத்தானே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே பாட்டிமார்களே ஆடுகிறார்கள்.