வெயில் விழும் ஓடை

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. ஆழியாறு பக்கமிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் தேடி அங்கே போகிறார்கள். என்னை இழுத்தது அந்தக் காட்டு ஓடையில் வாழும் ஓர் ஊசித்தட்டான்.

காலையிலேயே போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த தோட்டத்து இளைஞர் அவசரப்படவில்லை. “வெயில் தண்ணியில விழட்டும்க்கா. அப்பத்தான் வரும்.” இலையிடுக்கில் வெயில் இறங்கி, நடு ஓடையில் ஒரு பாறை மட்டும் வெளிச்சமானது. அதன்மேல் வந்து உட்கார்ந்தது ஓர் ஆண். நீண்ட கால்கள், மினுங்கும் பச்சை உடல், முதுகின்மேல் சேர்த்து மூடிய பழுப்பு இறக்கைகள். திடீரென்று இறக்கையை விரித்தது. பின்னிறக்கைகள் இரண்டும் மரகதமாகச் சுடர்ந்தன. மூடியதும் பச்சை போன இடம் தெரியவில்லை. மறுபடி விரிக்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதன் அறிவியல் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ்; 1758-லேயே லின்னேயஸ் விவரித்த இனம். அந்தப் பச்சை, சாயத்தால் வருவதல்ல. பீட்டர் வுகுசிச்சும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2004-இல் இதை விளக்கினார்கள். பின்னிறக்கையின் மேற்புறத்தில் மிக நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை மட்டும் வலுத்து வெளிவருகிறது. மயில் கழுத்தின் நிறம் பிறப்பதும் இப்படித்தான். அடுக்குகள் மேற்புறத்தில் மட்டும் இருப்பதால் அடிப்புறம் பழுப்பாகவே நின்றுவிடுகிறது. பெண்ணுக்கு இந்தப் பச்சை கிடையாது; பழுப்பு இறக்கையில் வெண்புள்ளிகள்தான். அவளுக்கு முன்னால் ஆண் முன்னிறக்கைகளை மட்டும் அடித்துப் பறந்து, பின்னிறக்கைகளை அசைக்காமல் விரித்துக் காட்டுகிறது. பறப்பதற்கென்று அமைந்த நான்கில் இரண்டைக் காதலுக்கென்று ஒதுக்கிவைக்கும் உயிர்! அந்தக் காட்சியை நேரில் பார்க்கும் பாக்கியம் அன்று வாய்க்கவில்லை.

பெண் நீருக்கடியில் இறங்கித் தாவரத் தண்டுகளில் முட்டையிடும். பொரித்து வரும் இளம்பூச்சி வளர்வதும் ஓடும் தண்ணீரில்தான். ஆகவே இந்தப் பச்சையின் கதை முழுக்க ஓடையின் கதை. கரை மரங்களை வெட்டிய தேயிலைச் சரிவில் தண்ணீர் சூடாகிறது. மழைக்கு மண்ணும் மருந்தும் கரைந்து இறங்குகின்றன. இந்த இனமாவது வெயில் விரும்பி, சற்றுத் திறந்த ஓடையிலும் தாக்குப்பிடிக்கும். மேலே நிழல் கனத்த பாறையிடுக்குகளில் தொங்கும் புரோட்டோஸ்டிக்டா என்ற ஊசித்தட்டான் வகைகளுக்கு அந்த வசதி இல்லை. 1933 முதல் 1936 வரை வந்த மூன்று தொகுதிகளில் இந்தியத் தட்டான்களை விவரித்த ராணுவ மருத்துவர் ஃபிரேசர், அந்த மெலிந்த பூச்சிகளைத் தென்னிந்திய மலைகளில்தான் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் நின்ற ஓடைகளில் எத்தனைக்கு இன்று நிழல் இருக்கும் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த காட்டுத் துண்டுகளில் மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டுவருகிறது. வேர் பிடித்து, கிளை விரிந்து, நிழல் ஓடைமேல் விழ வருடங்கள் ஆகும். ஆனாலும் ஓடைக்கு இதைவிடப் பெரிய உதவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் தேயிலையை ஒட்டி அதே ஓடை வெளியே வந்தது. கரையில் நாலைந்து பழைய மரங்களை யாரோ வெட்டாமல் விட்டிருந்தார்கள். அந்த நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் மட்டும் இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன.